தோற்றவன் வீட்டுக்குச் சேதி போன விதம்

என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் ஒடிசாக்காரன். சொந்த ஊர் பெர்ஹாம்பூர். சென்னைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. தமிழ் நன்றாகவே பேசுவான், கொஞ்சம் தெலுங்கு வாடை அடிக்கும், அவ்வளவுதான். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது திடீரென்று கேட்டான்: "அண்ணா, எங்க ஊரை நீங்க ஜெயிச்சதைப் பத்தி ஒரு பெரிய பாட்டு புக் இருக்காமே. அதுல எங்களைப் பத்தி என்ன எழுதியிருக்கு?"

கலிங்கத்துப்பரணி. பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பகுதியாக நாலு வரி படித்ததோடு சரி. "படிச்சிட்டுச் சொல்றேன்பா" என்று தப்பித்துக்கொண்டேன். அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. மூலமும் உரையும் உள்ள பதிப்பு ஒன்றை வாங்கி, திருநின்றவூர் வண்டியில் போகும்போதும் வரும்போதும் மூன்று வாரம் படித்தேன். படித்து முடித்ததும் தம்பிக்கு எப்படிப் பதில் சொல்வது என்று தெரியாமல் முழித்தேன். காரணம், அதில் அவர்களைப் பற்றி எழுதியிருப்பது அப்படி.

அதே சமயத்தில் தற்செயலாக இன்னொரு புத்தகமும் கையில் இருந்தது. கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் எழுதிய 'பாரசீகர்கள்', ஆங்கில மொழிபெயர்ப்பில். இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்ததில் எனக்குள் ஓடிய யோசனைகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு ஒற்றுமை. பரணி என்கிற வகை நூலுக்கு வென்றவன் பெயரை வைப்பதில்லை. தோற்றவன் பெயரைத்தான் வைப்பார்கள். போரில் ஆயிரம் யானையைக் கொன்ற வீரனைப் பாடுவது பரணி என்று பாட்டியல் நூல்கள் சொல்கின்றன. ஆனால் தலைப்பு அவனுக்குக் கிடையாது. கலிங்கம் தோற்றது, அதனால் கலிங்கத்துப்பரணி. தக்கனுடைய யாகம் அழிந்தது, அதனால் ஒட்டக்கூத்தர் பாடியது தக்கயாகப்பரணி. ஈஸ்கிலஸ் நாடகமும் அப்படித்தான். ஜெயித்தது கிரேக்கர்கள். தலைப்பு 'பாரசீகர்கள்'. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு மரபுகள், நடுவில் 1,500 வருஷத்துக்கும் மேல் இடைவெளி. இரண்டுமே ஜெயித்த கதையைச் சொல்லத் தோற்றவன் பெயரைப் பலகையில் எழுதி மாட்டியிருக்கின்றன.

நாடகத்தின் பின்னணி சுருக்கமாக: பாரசீகப் பேரரசன் செர்க்ஸஸ் கி.மு. 480-இல் கிரேக்கத்தின் மேல் படையெடுத்தான். ஏதென்ஸ் நகரம் எரிக்கப்பட்டது. ஊரைக் காலி செய்துவிட்டுப் போன ஏதென்ஸ்காரர்கள் சலாமிஸ் தீவுக்குப் பக்கத்தில் நடந்த கடற்போரில் அவன் கப்பற்படையை நொறுக்கினார்கள். எட்டு வருஷம் கழித்து, கி.மு. 472-இல், ஏதென்ஸின் டயோனிசஸ் விழாவில் இந்த நாடகம் அரங்கேறியது. செலவை ஏற்றவர் இளைஞர் பெரிக்கிளிஸ். முதல் பரிசும் கிடைத்தது. ஈஸ்கிலஸ் வெறும் எழுத்தாளர் அல்ல, மராத்தான் போரில் நின்று சண்டை போட்டவர். அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் சலாமிஸில் துடுப்புப் போட்டவர்கள். அவர்கள் முன்னால் என்ன காட்டினார் தெரியுமா? ஒரு கிரேக்கன்கூட மேடைக்கு வரவில்லை. கதை நடப்பது பாரசீகத் தலைநகர் சூசாவில். படையோடு போன பையன்களைப் பற்றிச் சேதி வராமல் தவிக்கும் கிழவர்கள். கெட்ட கனவு கண்டு பயந்துபோன அரசனின் தாய் அதோசா. அப்புறம் ஓடிவரும் ஒரு தூதன்.

இப்போது பரணிக்கு வருவோம். முதலாம் குலோத்துங்கன் காலத்தில், சுமார் 1110-ஐ ஒட்டி நடந்த போர். வடகலிங்க அரசன் இரண்டு முறை திறை கட்டவில்லை. காஞ்சியில் இருந்த குலோத்துங்கனுக்குக் கோபம் வருகிறது. தளபதி கருணாகரத் தொண்டைமான் படையோடு கிளம்புகிறான். பாலாறு, குசைத்தலை என்று ஒவ்வொரு ஆறாகத் தாண்டுகிறார்கள். (குசைத்தலை வேறு எதுவும் இல்லை, நம்ம கொசஸ்தலையாறுதான். பூண்டி ஏரிக்கு எங்கள் ஊரிலிருந்து பைக்கில் முக்கால் மணி நேரம். அந்தப் பெயரைப் பார்த்ததும் வண்டியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.) கிருஷ்ணா, கோதாவரி எல்லாம் தாண்டி வடக்கே போகிறார்கள். இன்றைக்கு கும்மிடிப்பூண்டி, கூடூர், விஜயவாடா, ராஜமுந்திரி என்று பெர்ஹாம்பூருக்கு ரயில் போகிறதே, ஏறக்குறைய அதே திசை.

ஆனால் ஜெயங்கொண்டார் இந்தப் போரை நேராகச் சொல்லவில்லை. இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காளி கோயில். சுற்றிலும் பட்டினியில் வற்றிக் கிடக்கும் பேய்கள். அப்போது கலிங்கத்திலிருந்து ஒரு பேய் ஓடிவருகிறது. அங்கே நடந்த போரைக் காளிக்கு விவரமாகச் சொல்கிறது. 'காளிக்குக் கூளி கூறியது' என்று அந்தப் பகுதிக்கே பெயர். அதாவது, அதோசாவுக்குத் தூதன் சொல்கிற அதே அமைப்பு! போர் மேடைக்கு வெளியே நடக்கிறது. ஒருவர் பார்த்துவிட்டு ஓடிவருகிறார். அதிகாரத்தில் இருக்கும் ஒரு பெண் உட்கார்ந்து கேட்கிறாள். எத்தனை பேர், எப்படிச் செத்தார்கள் என்று சேதி நீள்கிறது.

வித்தியாசம் கேட்பவளிடம்தான். அதோசா தோற்றவனின் அம்மா. அவளுக்கு முதலில் தெரிய வேண்டியது, பையன் உயிரோடு இருக்கிறானா என்பது. காளியும் பேய்களும் பசித்தவர்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது, எவ்வளவு பிணம் விழுந்தது என்பது. எண்ணிக்கை கூடக் கூட ஒரு பக்கம் ஒப்பாரி, இன்னொரு பக்கம் குதியாட்டம். எதிரியை ஒரு படைப்பு எப்படிப் பார்க்கிறது என்று கண்டுபிடிக்க, அவனுக்கு எத்தனை நல்ல வசனம் கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அவன் செத்த சேதி யார் காதில் போய் விழுகிறது என்று பார்த்தால் போதும்.

உடனே 'அப்போ கிரேக்கன் கருணையுள்ளவன், நம்ம ஆள் கொடூரன்' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விஷயம் அவ்வளவு நேராக இல்லை.

ஈஸ்கிலஸ் தூதன் செத்த பாரசீகத் தலைவர்களின் பெயர்களைப் பட்டியலாகச் சொல்கிறான். ஒவ்வொருவனும் எங்கே, எப்படி விழுந்தான் என்று. கிரேக்கர் பக்கம் ஒரே ஒரு பெயர்கூட இல்லை. சலாமிஸ் தந்திரத்தைச் செய்த தெமிஸ்டோக்ளிஸ்கூட நாடகத்தில் பெயரில்லாமல்தான் இருக்கிறார். ஜெயித்தவர்கள் மொத்தமாக ஒரு கூட்டம், தோற்றவர்கள் தனித்தனி மனிதர்கள். இதை முதலில் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஆனால் அந்தப் பட்டியலையே துடுப்புப் போட்டவன் இடத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். பெரிய பெரிய வெளிநாட்டுப் பெயர்கள், ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. அது அஞ்சலியும்தான், மதிப்பெண் பட்டியலும்தான். அதோசாவின் கனவில் இரண்டு பெண்கள் வருகிறார்கள். ஒருத்தி பாரசீக உடை, இன்னொருத்தி கிரேக்க உடை. செர்க்ஸஸ் இருவரையும் தேரில் பூட்டுகிறான். பாரசீகப் பெண் அடங்கி நிற்கிறாள், கிரேக்கப் பெண் நுகத்தடியை முறித்துப் போடுகிறாள். இதைவிட நேராக 'நாங்கள் யாருக்கும் அடிமை இல்லை, நீங்கள் பிறவி அடிமைகள்' என்று சொல்ல முடியுமா? அதையும் பாரசீகத் தாயின் கனவாகவே வைத்திருக்கிறார், அதுதான் சாமர்த்தியம். எட்வர்ட் சயித் 1978-இல் வெளியான தன் புகழ்பெற்ற நூலில் கிழக்கைப் பற்றிய மேற்கின் கற்பனையை விசாரிக்கும்போது இந்த நாடகத்தைத் தொட்டுப் பேசுவது சும்மா இல்லை. ஆசியா பேசுகிறது, ஆனால் அதற்கு வசனம் எழுதித் தந்தது ஏதென்ஸ்.

இன்னொரு சின்ன விஷயம். நாடகத்தில் பாரசீகர்கள் தங்களைத் தாங்களே 'பார்பரோய்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். கிரேக்கம் பேசாதவனைக் குறிக்க கிரேக்கர்கள் வைத்த பெயர் அது. எதிரி வாயில் நம்முடைய அகராதியைத் திணிப்பது என்றால் இதுதான். ஜெயங்கொண்டார் இந்த இடத்தில் நேர் எதிராகச் செய்திருக்கிறார். பயந்து ஓடும் கலிங்கர்கள் 'அருவர் வருகிறார்கள்' என்று நடுங்குகிறார்கள். அருவர் என்றால் தமிழர் என்று உரை சொல்கிறது. தெலுங்கில் இன்றும் தமிழை 'அரவம்' என்பார்கள். ஆக, எதிரி நம்மை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவான் என்பது இந்தக் கவிஞனுக்குத் தெரிந்திருக்கிறது, அதை அப்படியே அவன் வாயில் விட்டும் வைத்திருக்கிறார். தம்பியிடம் இந்த ஒரு சொல்லைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். "எங்க பாட்டி இன்னும் அரவாளுன்னுதான் சொல்லுவா அண்ணா."

ஏதென்ஸ்காரர்கள் ஏன் எதிரி வீட்டுத் துக்கத்தைப் போய் உட்கார்ந்து பார்த்தார்கள்? இதற்கு ஒரு முன்கதை உண்டு. ஃப்ரினிக்கஸ் என்று ஈஸ்கிலஸுக்கு மூத்த ஒரு நாடகாசிரியர். பாரசீகர்கள் கி.மு. 494-இல் மிலிட்டஸ் என்ற கிரேக்க நகரத்தை அழித்தார்கள். அதை அவர் நாடகமாகப் போட்டார். அரங்கமே அழுதது. அழுதுவிட்டு என்ன செய்தார்கள்? நம்ம வீட்டுச் சோகத்தை நமக்கே ஞாபகப்படுத்தினான் என்று அவருக்கு 1,000 திராக்மா அபராதம் போட்டார்கள். அந்த நாடகத்தை இனி யாரும் போடக் கூடாது என்று தடையும் விதித்தார்கள். ஹெரோடோட்டஸ் சொல்லும் செய்தி இது. பிற்பாடு ஃப்ரினிக்கஸே பாரசீகத் தோல்வியைப் பாரசீகர் அரண்மனையில் வைத்து ஒரு நாடகம் எழுதினார். ஈஸ்கிலஸுக்கு அதுதான் முன்னோடி.

இதை வைத்து எனக்கு ஒரு சந்தேகம். ஏதென்ஸ் எரிந்து எட்டு வருஷம்தான் ஆகிறது. பார்வையாளர்களில் வீடு இழந்தவன், அண்ணனை இழந்தவன் எத்தனையோ பேர். தன் துக்கத்தை மேடையில் காட்டினால் அபராதம். எதிரியின் துக்கமாகக் காட்டினால் பரிசு. சூசாவின் கிழவர்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழும்போது, அரங்கில் இருந்தவன் யாருக்காக அழுதான்? கொஞ்சம் செர்க்ஸஸின் கந்தல் உடையைப் பார்த்துச் சந்தோஷம், கொஞ்சம் தன் வீட்டு நினைப்பு. இரண்டும் ஒரே கண்ணீரில் கலந்து வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

சோழ நாட்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. காஞ்சியை யாரும் எரிக்கவில்லை. போர் நடந்தது எங்கோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். அரசன் நேரில் போகவும் இல்லை. அந்த தூரம் பாட்டில் தெரிகிறது. பேய்கள் கூழ் சமைக்கும் பகுதியைப் படித்தவர்களுக்குத் தெரியும். செத்தவர்களின் பல் அரிசியாகிறது, உரல், உலக்கை, அடுப்பு எல்லாம் போர்க்களத்திலிருந்தே கிடைக்கிறது. பார்ப்பனப் பேய், சமணப் பேய், பௌத்தப் பேய் என்று வரிசையாக உட்காரவைத்துப் பரிமாறுகிறார்கள். கல்யாணப் பந்தி மாதிரியே இருக்கும். அருவருப்பும் சிரிப்பும் சேர்ந்து வருகிற இந்த மாதிரிக் கற்பனையில் ஜெயங்கொண்டாரை அடிக்க ஆள் இல்லை என்பது என் கருத்து. ரசித்துத்தான் படித்தேன், பொய் சொல்லவில்லை.

தம்பியின் கேள்வி ஞாபகம் வந்த இடம், தோற்ற கலிங்கர்கள் தப்பிக்கப் போடும் வேஷங்கள். ஒருவன் வில்லின் நாணையே பூணூலாக மாட்டிக்கொண்டு, கங்கையில் குளிக்கப் போகிற வழியில் மாட்டிக்கொண்டோம் என்கிறான். சிலர் தலைமயிரைப் பறித்துவிட்டுச் சமணர் ஆகிறார்கள். ரத்தம் தோய்ந்த துணியைக் காவி என்று போர்த்திக்கொண்டு சிலர் பௌத்தர். யானையின் மணியைக் கழற்றித் தாளமாகத் தட்டிக்கொண்டு, நாங்கள் தெலுங்குப் பாணர்கள் ஐயா, சண்டைக்காரர்கள் இல்லை என்கிறார்கள் இன்னும் சிலர். நாடகமாகப் போட்டால் அரங்கம் அதிரும். ஓடும்போது தங்கள் நிழலைப் பார்த்தே பயந்தார்கள் என்றும் வருகிறது. கலிங்க அரசனுக்கு எங்கராயன் என்று ஒரு அமைச்சர் இருக்கிறார். சோழப் படையின் பலத்தை எடுத்துச் சொல்லி எச்சரிக்கிறார். அரசன் காதில் வாங்கவில்லை, கடைசியில் அவனும் ஓடி ஒளிகிறான். எங்கராயனுக்கு அதற்குமேல் என்ன ஆனது, அவர் வீட்டில் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் பாட்டுக்கு வேண்டியதில்லை. எச்சரிக்கை சொல்ல ஒரு வாய் வேண்டியிருந்தது, அதற்காக அவர் வந்தார், போனார்.

இத்தனைக்கும் இந்த எதிரி யார்? வரலாற்றாளர்கள் அடையாளம் காட்டும் அனந்தவர்மன் சோடகங்கன். பெயரிலேயே சோழன் இருக்கிறான் பாருங்கள். அவனுடைய அம்மா ராஜசுந்தரி ஒரு சோழ இளவரசி. சரி, குலோத்துங்கன் யார்? வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கிய அரசன் ராஜராஜ நரேந்திரனுக்கும், ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கைக்கும் பிறந்தவன். தாய்வழியில் சோழன் ஆனவன் ஒருவன், தாய்வழியில் சோழ ரத்தம் உள்ளவன் இன்னொருவன். கருணாகரன் படை தாண்டிப்போன கோதாவரிக் கரை குலோத்துங்கனின் அப்பா ஊர். 'நாம்', 'அவர்கள்' என்று பாட்டில் இவ்வளவு தெளிவாகக் கோடு கிழிக்க வேண்டியிருந்தது, நிஜத்தில் கோடு அவ்வளவு கலங்கலாக இருந்ததால்தானோ என்னவோ. தோற்ற அரசர்கள் இருவருமே பாட்டோடு முடிந்துபோகவும் இல்லை. 'பாரசீகர்கள்' மேடையேறியபோது செர்க்ஸஸ் உயிரோடு, பேரரசனாகவே இருந்தான், கொல்லப்பட்டது கி.மு. 465-இல்தான். அனந்தவர்மன் அந்தப் போருக்குப் பிறகும் முப்பது வருஷத்துக்கு மேல் ஆண்டான். பூரி ஜகந்நாதர் கோயிலைக் கட்டத் தொடங்கியவன் அவன்தான்.

இவ்வளவுக்கும் நடுவில், களம் பாடியது என்ற பகுதியில் சில பாட்டுகள் என்னை நிறுத்திவிட்டன. காளி பேய்களுக்குப் போர்க்களத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டே போகிறாள். அங்கே ஒரு பெண் புருஷனின் உடலைத் தேடுகிறாள். அவன் வாள் பிடித்த கை எங்கே, மார்பு எங்கே, யார் வந்தாலும் முதுகு காட்டாத தோள் எங்கே என்று காளியிடமே கேட்கிறாள். இன்னொருத்தி, செத்த புருஷனின் உடலை மண்மகள் தழுவிவிடக் கூடாது என்று கையிலேயே தாங்கிக்கொண்டு, தேவலோகத்துப் பெண்கள் அவன் உயிரை எடுத்துக்கொள்வதற்கு முன்னால் தன் உயிரையும் விட்டுவிடுகிறாள். இந்தப் பெண்கள் சோழர் பக்கமா, கலிங்கர் பக்கமா? பாட்டில் சொல்லவில்லை. இதுவும் பழைய இலக்கிய வழக்குத்தானே, இதில் என்ன புதுசு என்று தமிழ் வாத்தியார்கள் கேட்கலாம். எனக்கு ஒரே ஒரு பதில்தான். தன் புருஷனின் தோள் எங்கே என்று அவள் கேட்பது, அந்த உடம்பைக் கூழாக்கக் காத்திருக்கும் கூட்டத்தின் தலைவியிடம். சேதி பசித்தவர்கள் காதில் மட்டும் விழுந்துகொண்டிருந்த ஒரு நூலில், இரண்டு பாட்டு நேரத்துக்கு வேறு ஒரு காது திறக்கிறது. உடனே மூடிக்கொள்கிறது, கூழ் வேலை தொடங்கிவிடுகிறது.

ஏதென்ஸிலும் ஈஸ்கிலஸ் திறந்துவைத்த கதவு அப்படியே திறந்து இருக்கவில்லை. கி.மு. 425-இல் அரிஸ்டோஃபனிஸ் போட்ட நகைச்சுவை நாடகத்தில் பாரசீகத் தூதன் அர்த்தமில்லாமல் உளறுகிறான், மக்கள் சிரிக்கிறார்கள். நூற்றாண்டின் கடைசியில் டிமோதியஸ் என்பவர் 'பாரசீகர்கள்' என்றே ஒரு இசைப்பாட்டு எழுதினார். அதன் பாப்பிரஸ் சுருள் 1902-இல் எகிப்தில் கிடைத்தது. அதில் ஒரு எதிரி, கொச்சைக் கிரேக்கத்தில் கெஞ்சி உயிர்ப்பிச்சை கேட்கிறான். தெலுங்குப் பாணர் வேஷம் போட்ட கலிங்கனுக்கு அண்ணன் தம்பி என்று சொல்லலாம். இதற்கு எதிர்த் திசையில் போனவர் யூரிபிடிஸ். கி.மு. 415-இல் அவர் போட்ட 'ட்ராய் நாட்டுப் பெண்கள்' நாடகத்தில் ஒரு குழந்தையைக் கோட்டைச் சுவரிலிருந்து தள்ளிக் கொல்ல உத்தரவிடுகிறார்கள் கிரேக்கர்கள். அப்போது அதன் தாய், காட்டுமிராண்டித்தனத்தைக் கண்டுபிடித்ததே நீங்கள்தான் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்கிறாள். முந்தின வருஷம் தொடங்கி ஏதென்ஸ் மெலோஸ் தீவை முற்றுகையிட்டு, ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமையாக விற்றிருந்தது. அந்த வருஷப் போட்டியில் யூரிபிடிஸுக்கு இரண்டாம் பரிசு.

நம் ஊரில் ஈஸ்கிலஸ் செய்ததை யாருமே செய்யவில்லையா? செய்தார்கள். ஆனால் அரசவையில் இல்லை. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊர்களில், கோடைக் காலத்தில் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரியில் கூத்து நடக்கும். சின்ன வயசில் அம்மாச்சி ஊரில் பார்த்தது அப்படியே ஞாபகம் இருக்கிறது. கர்ண மோட்சம் நடக்கும் ராத்திரி முழுக்க, தப்பான பக்கத்தில் நின்று சாகப்போகிற ஒருவனுக்காகவும், அவனைப் போருக்கு அனுப்ப மனசில்லாமல் தவிக்கும் பொன்னுருவிக்காகவும் ஊர் விழித்திருக்கும். விடிந்தால் பதினெட்டாம் போர் முடிந்து படுகளம். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் மல்லாந்து கிடக்கும். பீமன் வேஷக்காரர் தொடையைப் பிளந்ததும் சிவப்புத் தண்ணீர் வழியும். திரௌபதி கூந்தலை முடிப்பாள். ஊர் ஜெயித்தாயிற்று. குலசாமி சபதம் நிறைவேறியாயிற்று. அதற்கப்புறம் துரியோதனன் மனைவி பெருந்திருவாள் வந்து உட்கார்ந்து ஒப்பாரி வைப்பாள்.

அந்த ஒப்பாரிக்கு எங்கள் அம்மாச்சி அழுததை நான் பார்த்திருக்கிறேன். "துரியோதனன் கெட்டவன்தானே, ஏன் ஆயா அழுவுற?" என்று கேட்டதற்கு, "அவளுக்கு என்னடா தெரியும், அவ தாலியறுத்தவ" என்றார். பக்கத்தில் இருந்த பெண்கள் அவரவர் வீட்டில் செத்தவர்கள் பெயரைச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள். பல வருஷம் கழித்து ஃப்ரினிக்கஸ் அபராதக் கதையைப் படித்தபோது எனக்கு உடனே அந்த மண் உருவம்தான் ஞாபகம் வந்தது. எதிரியின் பிணம் என்று ஒன்று நடுவில் கிடந்தால், சொந்தத் துக்கத்தை அழ யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஈஸ்கிலஸும் எங்கள் கூத்துக்காரர்களும் இதில் ஒரே கட்சி. ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும். துரியோதனன் பங்காளி, பாரசீகன் அந்நியன். பங்காளிக்கு அழுவது சுலபம். அந்த வகையில் ஈஸ்கிலஸ் தாண்டியது இன்னும் கொஞ்சம் அகலமான வாய்க்கால்.

தம்பிக்கு எல்லாவற்றையும் ஒரு நாள் சாயங்காலம் டீக்கடையில் நின்று சொன்னேன். வேஷம் போடும் பகுதியைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, மறைத்தால் அது இன்னும் அசிங்கம் என்று சொல்லிவிட்டேன். அவனுக்குக் கோபம் வரவில்லை. அவன் பதிலுக்கு ஒரு கதை சொன்னான். ஒடிசாவில் காஞ்சி காவேரி என்று ஒரு கதை எல்லோருக்கும் தெரியுமாம். புருஷோத்தம தேவன் என்ற 15-ஆம் நூற்றாண்டு கஜபதி அரசன் காஞ்சி இளவரசி பத்மாவதியைப் பெண் கேட்கிறான். பூரி தேரோட்டத்தில் அரசனே துடைப்பம் எடுத்துத் தேரைப் பெருக்குவது அங்கே வழக்கம். பெருக்குகிறவனுக்கு என் பெண்ணைத் தர மாட்டேன் என்கிறான் காஞ்சி ராஜா. போர் வருகிறது. ஜகந்நாதரும் பலபத்திரரும் கறுப்புக் குதிரையிலும் வெள்ளைக் குதிரையிலும் ஏறி, காஞ்சிக்கு எதிராகச் சண்டைக்கே வந்துவிடுகிறார்கள். வழியில் மாணிக்கா என்ற தயிர்க்காரியிடம் தயிர் வாங்கிக் குடித்துவிட்டுக் காசுக்குப் பதில் மோதிரத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ராமசங்கர் ராய் 1880-இல் இதை நாடகமாக எழுதினார். நவீன ஒடியா நாடகத்தின் தொடக்கமாகச் சொல்லப்படும் ஆக்கங்களில் அதுவும் ஒன்று.

"அதுல காஞ்சி ராஜா எப்படிப்பா?" என்றேன்.

"வில்லன் அண்ணா. திமிரு பிடிச்சவன். எங்க ஸ்கூல்ல போட்டாங்க. அந்த வேஷத்துக்கு யாரும் வரலை. நான் கொஞ்சம் குண்டா இருந்தேன்னு எனக்கு மீசை ஒட்டி நிக்க வச்சிட்டாங்க. நான்தான் உங்க ராஜா."

ஆக, நான் குசைத்தலையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி, காஞ்சிபுரம் பேருந்தின் பலகையைப் பார்த்து அவனும் சென்னை வந்த புதிதில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான்.

அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வேஷம் பற்றித் திரும்பக் கேட்டான். பாணர் என்றால் என்ன, மணியை எப்படித் தாளமாகத் தட்டுவார்கள் என்றெல்லாம். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவினவே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது அவனுடைய சித்தப்பா பையன் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் இருந்தான். எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் ஒரு வாரம் மின்சார ரயிலில் ஏறினால் போனில் ஒடியா பேச மாட்டானாம். யாராவது கூப்பிட்டால் 'ஆங், சரி, சரிண்ணா' என்று தனக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவானாம்.

"அந்தப் பக்கம் கூப்பிட்டது யாரு?" என்று கேட்டேன்.

"அவங்க அம்மாதான். கஞ்சம்ல இருந்து. வீடியோ பாத்துட்டு ஒரு நாளைக்குப் பத்து தடவை கூப்பிடுவாங்க. இவன் சரிண்ணா சரிண்ணான்னு வச்சிருவான். அவங்களுக்குத் தமிழ் தெரியாது. பிள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு இன்னும் பயந்துட்டாங்க."

டீ கிளாஸை வைத்துவிட்டு, அந்தத் தோள் தேடும் பொம்பளை பாட்டை மட்டும் ஒடியாவில் எழுதித் தருகிறேன், சரியா என்று பாருங்கள் என்றான். எனக்கு ஒடியா தெரியாது. அவனுக்குப் பழந்தமிழ் தெரியாது. சனிக்கிழமை மதியம் உட்கார்வதாகப் பேச்சு.